ஒன்பதாம் கேள்வி

நெடுங்குப்பம், பழவேற்காடு
8 பிப்ரவரி 2024

அன்புள்ள தேவகிக்கு,

உன் மேல் இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைஷ்ணவி கல்யாணத்தில், எளாவூர் சம்பந்திகள் எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்க, என் இலையிலிருந்து ஜாங்கிரியை எடுத்து உன் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனாய். "அண்ணிக்கு சர்க்கரை இருக்கு, வைக்காதீங்க" என்று பரிமாறுகிறவனிடம் சத்தமாக வேறு சொன்னாய். பெற்ற மகள் கல்யாணத்தில் ஒரு ஜாங்கிரி. இந்த மாதத்தோடு எட்டு மாதம் ஆகிறது. நாத்தனார் செய்கிற காரியமா அது?

சரி, அது இருக்கட்டும். எனக்கு இப்போது உன்னிடம் ஒரு காரியம் ஆகவேண்டும்.

சென்னையிலிருந்து ஒரு அறக்கட்டளைக்காரர்கள் வந்திருக்கிறார்கள். சர்க்கரை இருக்கிறவர்களுக்கு ஒரு திட்டமாம். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்து, மூன்று மாதச் சர்க்கரை என்று ஒரு எண் சொல்வார்கள். அந்த எண் போன தடவையைவிட ஒரு முழுப் புள்ளி இறங்கினால் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். மாதாமாதம் வந்து எடையும் பிரஷரும் பார்த்துக்கொண்டால் அதற்கு இருநூறு. திவ்யா என்று ஒரு பெண் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருகிறாள். நல்ல பெண்.

ஃபாரத்தில் ஒன்பதாவது கேள்வி இது: "கடந்த ஒரு மாதத்தில், வீட்டில் போதிய உணவோ பணமோ இல்லாததால் நீங்கள் ஒரு வேளையாவது சாப்பிடாமல் இருந்தீர்களா?"

இதற்கு ஆம் என்று எழுதினால்தான் திட்டத்தில் சேர்ப்பார்கள் என்கிறாள். ஆம் என்று எழுதினால் அதை யார் யார் படிப்பார்கள்? பேர், ஊர் எல்லாம் தெரியுமா? நீதான் கல்லூரியில் இந்தக் கணக்கெடுப்புப் பாடமெல்லாம் சொல்லித்தருகிறவள்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போன் உன் அண்ணன் மடியில் இருக்கிறது. யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். இது அவர் காதில் விழக்கூடாது. அதனால் நீ ஹாஸ்டலில் இருந்தபோது எழுதிய மாதிரி எழுதுகிறேன். பதிலைப் பக்கத்து வீட்டு முனியம்மா பேருக்குப் போடு. என்னோடு பொன்னேரிக்கு மீன் கூடை தூக்குகிறாளே, அவள்தான்.

கால் விரலில் கிளிஞ்சல் கிழித்துவிட்டது. பொங்கலுக்கு முன்னால் ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும்போது. இன்னும் ஆறவில்லை. பயப்பட ஒன்றுமில்லை.

உன் அண்ணி,
தெய்வநாயகி

திருச்சி
15 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கவரின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு வகுப்பு முடியும்வரை பிரிக்காமல் வைத்திருந்தேன்.

கேட்டதற்கு முதலில் பதில். முறையாக நடக்கும் ஆய்வாக இருந்தால், உங்கள் பெயருக்குப் பதிலாக ஓர் எண்தான் இருக்கும். கணக்குப் போடுகிறவர்கள் எண்ணை மட்டும்தான் பார்ப்பார்கள். முறையாக நடக்கிறதா என்று எனக்குத் தெரியாது. திவ்யாவிடம் ஒப்புதல் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தர மறுத்தால் சேர வேண்டாம்.

இந்தத் திட்டங்களில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. காசு கொடுத்தால் மனிதர்கள் நடப்பார்கள், மாத்திரை போடுவார்கள் என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. காசை நிறுத்தியதும் பழையபடி ஆகிவிட்டார்கள் என்று காட்டுபவையும் உண்டு. ஆனாலும் மாதம் ஒரு முறை யாராவது உங்கள் காலைப் பார்ப்பார்கள் என்றால் அதற்காகவே சேரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு மாதமாக ஆறாத புண் சின்ன விஷயம் இல்லை.

ஒன்பதாம் கேள்விக்கு உண்மையை எழுதுங்கள்.

உண்மை எது என்று நீங்கள் எனக்கு எழுதவில்லை. நானும் கேட்காமல் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு முறை நான் வரும்போதும் நண்டும் இறாலுமாகச் சமைத்து வைத்தீர்கள். அதைத்தான் தினமும் சாப்பிடுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாதம் ஒரு தொகை அனுப்புகிறேன். மறுக்க வேண்டாம்.

ஜாங்கிரி விஷயத்தில் நான் சொன்னது சரி. சொன்ன விதம் சரியில்லை.

தேவகி

நெடுங்குப்பம்
3 மார்ச் 2024

அன்புள்ள தேவகிக்கு,

சொன்ன விதம் சரியில்லை என்று எழுதிவிட்டாயே, அதுவே பெரிது. அந்த வரியை முனியம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். "படிச்சவங்க மன்னிப்பு இப்டித்தான் இருக்கும், எட்த்துக்கோ" என்றாள்.

ஃபாரம் எழுதிக் கொடுத்துவிட்டோம். எங்கள் தெருவில் ஆறு பேர். நான், முனியம்மா, வலை சீர் செய்கிற ராஜாத்தி, வரதன் வீட்டுக்காரி, வேலுவின் மாமியார், கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சத்யா. ஒன்பதாம் கேள்வி வந்ததும் எல்லோரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். பேனா என் கையில்தான் இருந்தது. முனியம்மாதான் ஆரம்பித்தாள்.

"இன்னாமே தெய்வநாயகி, துன்னலைன்னு எழுதறதுக்கு இன்னா வெக்கம்? துன்னுட்டு துன்னலைன்னு எழுதினாத்தான் வெக்கம்."

"மீன்காரி ஊட்ல சோறில்லைன்னு எழுதச் சொல்றியா?"

"மீனு பொன்னேரிக்காரன் ஊட்ல கீது. உன் ஊட்ல கூடைதான் கீது. எழுது."

ராஜாத்தி சிரித்துவிட்டாள். அப்புறம் ஆறு பேரும் ஆம் என்று எழுதினோம். இதைக் கேட்கத்தானே கடிதம் போட்டாய், தெரிந்துகொள். முகத்துவாரம் மண் மூடி ஏரியில் தண்ணீர் வற்றும்போதும் புயல் மாதங்களிலும் இப்படி ஆகும். கடலில் தடைக்காலம் வந்தால் அதிலும் ஆகும். ரேஷன் அரிசி இருக்கும். அதனால் பட்டினி என்று சொல்ல முடியாது. ஆனால் வெறும் சோறு சாப்பிட்டால் சர்க்கரை ஏறுகிறது. சாப்பிடாமல் மாத்திரை போட்டால் தலை சுற்றிக் கை நடுங்குகிறது. அதனால் சாப்பிடாத நாளில் மாத்திரையும் போடுவதில்லை. உன் அண்ணன் கேட்டால் "நான் அப்பவே துன்னுட்டேன்" என்று சொல்லிவிடுவேன். இருபது வருடமாக அப்படித்தான். அவர் சந்தேகப்பட்டதே இல்லை.

பணம் அனுப்பாதே. வங்கியிலிருந்து செய்தி அவர் போனுக்குத்தான் வரும். தங்கை அனுப்பிய காசில் சாப்பிட்டோம் என்று தெரிந்தால் அவர் வலையைத் தூக்க மாட்டார், தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார். உனக்கே தெரியும்.

என் எண் 10.4. ராஜாத்திக்கு 11. நீ எண் பைத்தியம் ஆயிற்றே, ஒவ்வொரு தரமும் எல்லோருடையதையும் எழுதி அனுப்புகிறேன். ஆறு பேரும் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணி

திருச்சி
20 மார்ச் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தில் சாப்பிடாத நாட்களைப் பற்றிய பத்தியைப் பலமுறை படித்தேன். அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை. மன்னிக்கவும்.

எழுதத் தெரிந்ததை எழுதுகிறேன். இந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. பரிசு மூன்று மாதம் கழித்து வருகிறது. அந்த மூன்று மாதமும் சரியான சாப்பாடு சாப்பிட்டால்தான் எண் இறங்கும். அதற்கான காசு பரிசில்தான் இருக்கிறது. முதலில் எதைச் சாப்பிடுவது? அரிசியைக் குறையுங்கள், கேழ்வரகு, முட்டை, கீரை சேருங்கள் என்று ஒரு தாள் கொடுத்திருப்பார்களே, அதில் இதற்குப் பதில் இருக்கிறதா?

எண்களை அனுப்புங்கள். கால் புண்ணைத் திவ்யாவிடம் காட்டினீர்களா?

தேவகி

நெடுங்குப்பம்
28 மே 2024

அன்புள்ள தேவகிக்கு,

தாள் கொடுத்தார்கள். ஆப்பிள் படம் போட்டிருக்கிறது. முதலில் எதைச் சாப்பிடுவது என்று நீ கேட்டதற்கு நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். அதைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம்.

முதல் மூன்று மாதம் முடிந்தது. முனியம்மாவுக்கு 9.8 இருந்தது, 8.1 ஆகிவிட்டது. வரதன் வீட்டுக்காரிக்கு 10.2, இப்போது 8.9. இரண்டு பேருக்கும் பணம் வந்துவிட்டது. திவ்யா கைதட்டினாள். ராஜாத்திக்கு அதே 11. வேலுவின் மாமியார், சத்யா இரண்டு பேருக்கும் கொஞ்சம் ஏற்றம். எனக்கு 10.7. பரவாயில்லை, எனக்கும் ஒரு நேரம் வரும்.

வைஷ்ணவி வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளை நல்ல மாதிரி. "தேவகி அத்தை ஏன் இப்பல்லாம் வரதில்ல?" என்று கேட்டாள். திருச்சியில் ஜாங்கிரி தீர்ந்ததும் வருவாள் என்று சொன்னேன்.

கால் அப்படியேதான் இருக்கிறது. திவ்யாவிடம் காட்டவில்லை, கட்டுத்துணி மாற்றுகிறேன்.

அண்ணி

நெடுங்குப்பம்
24 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தேவகிக்கு,

மே மாதம் போட்ட கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை ராஜாத்திக்கு 9.6. ஒன்றரைப் புள்ளி கிட்டத்தட்ட! வேலுவின் மாமியாருக்கு 9.5 இருந்தது 8.3. இரண்டு பேருக்கும் பணம். ராஜாத்திக்குக் கண்ணில் ரத்தக் கசிவு இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள், சர்க்கரை இறங்கினால்தான் லேசர் வைப்பார்களாம். இப்போது வைக்கலாம் என்று நாள் குறித்துவிட்டார்கள். அவள் கண்ணால்தான் அந்த வீட்டில் நாலு பேர் சாப்பிடுகிறார்கள். வலைக் கண்ணி தெரியவில்லை என்றால் அவளுக்கு ஏது வேலை?

முனியம்மாவுக்கு 9.6 ஆகிவிட்டது. வரதன் வீட்டுக்காரி 10.1. சத்யா 9.9. நான் 11.3.

நீ கவலைப்படுவாய் என்று தெரியும். படாதே.

அண்ணி

திருச்சி
31 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதங்களிலிருந்த எண்களை ஒரு தாளில் எழுதி மேசை மேல் வைத்துப் பார்த்தேன். முதல் மூன்று மாதத்தில் இருவர் சடாரென்று இறங்குகிறார்கள், நால்வர் ஏறுகிறார்கள் அல்லது நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். அடுத்த மூன்று மாதத்தில் வேறு இருவர் இறங்குகிறார்கள். முன்பு இறங்கிய இருவரும் பழைய இடத்துக்கே போய்விடுகிறார்கள்.

சர்க்கரை இப்படி முறை வைத்துக்கொண்டு இறங்காது. முறை வைத்துக்கொண்டு நடக்கிற ஒரு காரியம்தான் எனக்குத் தெரியும். நைனா உயிரோடு இருந்தபோது வருடா வருடம் சீட்டுக் குலுக்கி, ஏரியில் இறால் வரும் இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று பிரித்துக்கொள்வார்களே, அந்தப் பாடு. யார் முறையோ அவர் அன்றைக்கு வலை கட்டுவார், மற்றவர்கள் கரையில் இருப்பார்கள்.

நீங்கள் ஆறு பேரும் சாப்பாட்டுக்குப் பாடு வைத்திருக்கிறீர்கள். இல்லையென்று எழுதுங்கள், நம்புகிறேன்.

அப்படியென்றால் இது பெரிய தவறு, அண்ணி. இறால் வரும் இடம் நாளைக்கும் அங்கேயே இருக்கும். இன்று விட்டதை அடுத்த முறையில் பிடிக்கலாம். உடம்பு அப்படி இல்லை. உங்கள் முறை வரும்வரை உங்கள் கால் காத்திருக்காது. மூன்று மாதம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஆறு மாதம் விட்டால், கிடைத்ததெல்லாம் போய்விடும். முனியம்மாவின் எண்ணைப் பாருங்கள்.

ஆய்வு என்று பார்த்தாலும் இது அவர்களுடைய கணக்கைக் கெடுக்கும். எனக்குத் தெரிந்தபின் அறக்கட்டளைக்குச் சொல்லாமல் இருப்பது என் தொழிலுக்குச் சரியா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது மூன்று மாதத்தில் வேலுவின் மாமியாரோடு யார் பெயர் சீட்டில் வந்தது? ராஜாத்தியுடையதா, உங்களுடையதா?

தேவகி

நெடுங்குப்பம்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள தேவகிக்கு,

உன்னைப் படிக்க வைத்ததில் என் வளையலும் ஒன்று போயிற்று. அதன் பலன் இப்போது எனக்கே திரும்பி வருகிறது.

ஆமாம், பாடு வைத்தோம். முனியம்மா வீட்டில் உட்கார்ந்து ஆறு சீட்டு எழுதி, சொம்பில் போட்டுக் குலுக்கினோம். "ஆம்பளைங்களுக்குத்தான் பாடா? நம்ப பேரு எந்தச் சீட்லயும் வந்ததில்ல. இதுலயாச்சும் வரட்டும்" என்று வரதன் வீட்டுக்காரி சொன்னாள். உண்மைதானே? கல்யாணம் ஆன ஆம்பளைக்குத்தான் பாடு. பெண்களுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. சொம்புக்குள் என் பேர் கிடந்ததைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆறு வீட்டில் ஆறு பேரும் அந்தத் தாளில் இருக்கிற மாதிரி சாப்பிட வழியில்லை, தேவகி. இரண்டு பேர் சாப்பிட வழி இருக்கிறது. ஆறு வீட்டு முட்டையும் கீரையும் கேழ்வரகும் விற்காமல் எடுத்து வைத்த மீனும் அந்த இரண்டு பேருக்குப் போகும். மற்ற நாலு பேருக்குச் சோறும் குழம்பும். பரிசு வந்தால் ஆறாகப் பிரிப்போம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. முதலில் எதைச் சாப்பிடுவது என்று நீ கேட்டாயே, அதற்குப் பதில் இதுதான்.

அறக்கட்டளைக்குச் சொல்ல வேண்டும் என்றால் சொல்லு. சொல்லும்போது ஒன்பதாம் கேள்விக்கு நாங்கள் ஆறு பேரும் எழுதிய பதிலையும் சேர்த்துச் சொல்லு.

நீ கடைசியில் கேட்ட கேள்வி. வேலுவின் மாமியாரோடு வந்தது என் பேர்தான். ராஜாத்திக்குக் கண் போய்விடும் என்றார்கள். எனக்கு ஒரு விரல்தானே என்று மாற்றிக்கொடுத்தேன். பாடு முறையில் அப்படி மாற்றிக்கொடுக்கிற வழக்கம் உண்டு. உன் நைனாவே செய்திருக்கிறார்.

விரல் நேற்றிலிருந்து கறுப்பாக இருக்கிறது. வலியே இல்லை. வலி இல்லாததால் சரியாகிக்கொண்டு வருகிறது என்று நினைக்கிறேன்.

அண்ணி

திருச்சி
11 செப்டம்பர் 2024

அண்ணி,

வலி இல்லாமல் இருப்பது நல்லதல்ல. இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்துவிடுவேன். அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டேன், ஸ்பீக்கரில்தான் இருந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பேருந்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது, கை சும்மா இருக்க மாட்டேனென்கிறது.

தே.

நெடுங்குப்பம்
14 அக்டோபர் 2024

அன்புள்ள தேவகிக்கு,

கட்டு பிரித்துவிட்டார்கள். இரண்டு விரல் போனாலும் பாதம் தப்பியது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கணுக்கால்வரை போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதை நீயும்தான் கேட்டாய். பன்னிரண்டு நாள் என் கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை திட்டாமல் இருந்தாயே, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நீ ஊருக்குக் கிளம்பிய பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். திவ்யா ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டர் கேட்டார் என்று என் ஃபாரத்தைப் படித்தாள். உன் அண்ணன் பக்கத்திலேயே நின்றார். ஒன்பதாம் கேள்வி வந்தது. பதிலும் வந்தது. அவர் வெளியே போனார். திரும்பி வந்து, "எத்தினி நாளா?" என்றார்.

"இன்னா எத்தினி நாளா?"

"நான் அப்பவே துன்னுட்டேன் நான் அப்பவே துன்னுட்டேன்னு சொல்லுவியே. அது எத்தினி நாளா?"

"வுடுய்யா, பேஜாரு பண்ணாத" என்றேன். இப்போது வீட்டில் என் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கையை வைக்கிறார். நான் நாலு வாய் சாப்பிடும்வரை எதிரில் பூனை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். இந்த வயதில் இப்படி ஒரு தொல்லை.

பாடு முறையை மாற்றிவிட்டோம். ஆஸ்பத்திரியில் நீ முனியம்மாவிடம் கத்தினாய் அல்லவா, "ஆறு பேரும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டிருந்தா என்ன?" என்று. அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முறை இப்போது சாப்பிடுவதற்கு இல்லை, சமைப்பதற்கு. திங்கள் முதல் சனிவரை ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் மதியச் சாப்பாடு, ஆறு பேருக்கும் ஒரே பானையில். கேழ்வரகுக் களி, கீரை, சின்ன மீன். ஆறு பேருக்கும் மாதாமாதம் வருகிற இருநூறு ரூபாயும் அந்தப் பானைக்கு. உன் அண்ணன் தன் பாடு நாளில் முதல் கை மீனைக் கோயிலுக்கு எடுத்து வைக்கும்போது இரண்டாவது கையை எங்களுக்கு எடுத்து வைக்கிறார். வரதன் சிரித்தானாம், இவர் முறைத்தாராம். இப்போது வரதனும் வைக்கிறான். சாப்பிட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் மாத்திரை போடுகிறோம். ஏமாற்ற முடியாது.

ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் முறை வைக்கவில்லை. அது உனக்கு.

ஏன் என்று கேட்காதே. ஆஸ்பத்திரியில் சீப்பு எடுக்க உன் பையைத் திறந்தேன். நான் போடுகிற அதே சர்க்கரை மாத்திரை உன் பையில் இருந்தது. என் மாத்திரை என்று நினைத்து எடுத்தால், என்னுடையது தலைமாட்டில் இருக்கிறது.

எத்தனை நாளாக, நாத்தனாரே?

அண்ணி

திருச்சி
2 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன்.

வைஷ்ணவி கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் தெரிந்தது. 8.9. யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு இந்த வீட்டில் யாரும் இல்லை என்பது ஒரு காரணம். இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்பது இன்னொன்று. பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தபோது என் இலையிலும் ஜாங்கிரி இருந்தது. என் இலையிலிருந்ததை வேண்டாமென்று ஒதுக்க எனக்குத் தைரியம் இல்லை, உங்கள் இலையிலிருந்ததை எடுத்தேன். பிறகு என்னுடையதையும் அதே கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் போய் இரண்டையும் நானே சாப்பிட்டேன்.

இதுதான் நடந்தது. பதினேழு மாதமாக உங்கள் கோபத்தை நியாயம் இல்லாதது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி நிறையக் காய்கறி இருக்கிறது. பாதி அழுகிப் போகும். இரவு சமைக்க அலுப்பாக இருந்தால் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். உங்கள் ஒன்பதாம் கேள்விக்கு நான் "இல்லை" என்றுதான் எழுத முடியும். "போதிய உணவு இல்லாததால்" என்ற சொற்கள் அதில் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை முறையை ஏற்றுக்கொள்கிறேன். சென்ற ஞாயிறு களி கிண்டினேன். உருட்டினால் கல் மாதிரி இருந்தது. ஆனாலும் சாப்பிட்டேன். மாத்திரையும் போட்டேன்.

அறக்கட்டளைக்கு எழுதிவிட்டேன். எல்லாவற்றையும், நீங்கள் சேர்க்கச் சொன்னதையும் சேர்த்து. ஆறு பேரையும் நீக்கினால், பசித்தவர்கள் பகிர்ந்துகொண்டதற்காக நீக்கியதாக அவர்கள் தங்கள் அறிக்கையில் எழுத வேண்டியிருக்கும் என்று குறிப்பிட்டிருக்கிறேன். நீக்க மாட்டார்கள்.

தேவகி

நெடுங்குப்பம்
14 பிப்ரவரி 2025

அன்புள்ள தேவகிக்கு,

இரண்டு ஜாங்கிரியும் நீயே சாப்பிட்டாயா! இதைப் படித்த நாளிலிருந்து தனியாக உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. உன் அண்ணன் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறார். உன் ரகசியத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. முனியம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

திட்டம் இந்த மாதத்தோடு முடிந்தது. நீக்கவில்லை, நீ சொன்ன மாதிரியே. கடைசி எண் வந்துவிட்டது. போன நவம்பருக்கும் இப்போதைக்கும் எழுதுகிறேன், கணக்குப் போட்டுக்கொள்.

நான் 10.4, இப்போது 9.6. முனியம்மா 9.3, 8.6. ராஜாத்தி 9.7, 9. வரதன் வீட்டுக்காரி 9.8, 9.2. வேலுவின் மாமியார் 8.8, 8.2. சத்யா 9.6, 8.9.

ஆறு பேருக்கும் குறைந்திருக்கிறது. ஒருத்திக்கும் காசு இல்லை. முழுப் புள்ளி இறங்கவேண்டுமாம்! திவ்யா தாளை வைத்துக்கொண்டு முகம் வாடி நின்றாள். "ஆன்ட்டி, இந்த வாட்டி யாருக்கும் வரலை" என்றாள். முனியம்மா, "காசு வரலைன்னா போவுது, கண்ணு. நீ ஏன் வாடுற? குந்து, இன்னிக்கி என் முறை, துன்னுட்டுப் போ" என்று உட்கார வைத்துக் களி போட்டாள். அந்தப் பெண் இரண்டு உருண்டை சாப்பிட்டாள். பொன்னேரியிலிருந்து காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தாளாம். பார், அவளுக்கும் ஒரு ஒன்பதாம் கேள்வி இருக்கிறது.

மாதா மாதம் வந்த இருநூறும் இனி இல்லை. அதற்கு என்ன செய்வது என்று ஆறு பேரும் பேசினோம். பானையை நிறுத்துவதில்லை என்று மட்டும் முடிவாகியிருக்கிறது. ராஜாத்தி தோட்டத்தில் முருங்கை இருக்கிறது. மீன் வருகிறது. கேழ்வரகுக்குத்தான் வழி பார்க்கவேண்டும்.

புண் முழுக்க ஆறிவிட்டது. செருப்பு மட்டும் கோணலாகத் தேய்கிறது. உன் எண் என்ன?

அண்ணி

திருச்சி
21 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

எண்களைப் பார்த்தேன். ஒரே ஒரு முறை வந்த எண்ணை வைத்து எதையும் நம்பக்கூடாது என்றுதான் இருபத்திரண்டு வருடமாக மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். ஆறு பேரும் ஒன்றாக இறங்கியிருப்பதை நம்ப வேண்டும் போலிருக்கிறது. அடுத்த முறையும் பார்ப்போம். திட்டம் இல்லாவிட்டாலும் பரிசோதனைக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். இதை மறுக்க வேண்டாம், அண்ணனுடைய போனுக்குச் செய்தி எதுவும் வராது.

என் எண் 7.7.

நவம்பரில் பார்த்தபோதும் அதே 8.9தான், மூன்று மாதத்தில் ஒரு புள்ளி இரண்டு குறைந்திருக்கிறது. இந்த முறை ஏழு பேரில் முழுப் புள்ளி இறங்கியது எனக்கு மட்டும்தான். திட்டத்தில் இருந்திருந்தால் பரிசு எனக்கு வந்திருக்கும். மாதச் சம்பளமும் நிறையக் காய்கறியும் இருக்கிற எனக்கு. அறக்கட்டளைக்கு எழுதும் இரண்டாம் கடிதத்தை இந்த ஒரு வரியில்தான் ஆரம்பித்திருக்கிறேன். முடிவில் பணத்தைப் பிறகு கொடுக்காமல் முன்னால் கொடுங்கள், எண்ணுக்குக் கொடுக்காமல் பானைக்குக் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். கேட்பார்களா என்று தெரியாது. கேட்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதுவரை கேழ்வரகு என் பொறுப்பு. இது தங்கை அனுப்பும் காசு இல்லை. முறையில் இருக்கும் ஒருத்தி தன் பங்கைப் போடுகிறாள். அண்ணனிடம் அப்படியே சொல்லுங்கள், பாடு வழக்கம் அவருக்குப் புரியும்.

மாசி மகத்துக்கு வருகிறேன். மகம் புதன்கிழமை. நான் அதற்கு முந்தைய ஞாயிறு காலையிலேயே வந்துவிடுவேன். அன்று யாரும் அடுப்பு மூட்ட வேண்டாம். களி கட்டி தட்டாமல் கிண்ட இப்போது வருகிறது. நம்பவில்லை என்றால் முனியம்மாவை ஒரு பிடி அரிசி தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வரும்போது ஒரு ஜாங்கிரி வாங்கி வருகிறேன். ஒன்றே ஒன்று. நீங்கள்தான் ஏழாக உடைக்கவேண்டும். அண்ணனுக்குக் கிடையாது.

தேவகி